பல்லில் பதிந்த பால் கணக்கு

குழந்தைக்கு 6 வயது ஆகிறது. பால் பற்களுக்குப் பின்னால் ஒரு கடைவாய்ப்பல் முளைக்கிறது. இது புதிதாக உருவான பல் என்று நினைப்போம். அப்படி அல்ல. குழந்தை பிறக்கும் சமயத்திலேயே அந்தப் பல் தாடைக்குள் உருவாகத் தொடங்கிவிட்டது.

பல் எப்படி உருவாகிறது? சுவருக்குச் சுண்ணாம்பு பூசுவதுபோல, தினமும் ஒரு மெல்லிய பூச்சு சேருகிறது. ஒரு நாளுக்கு ஒரு கோடு. பிறந்த நாளில் மட்டும் அழுத்தமான கோடு விழும். தாயின் வயிற்றை விட்டு வெளியே வருவது குழந்தைக்கு அத்தனை பெரிய அதிர்ச்சி! கடும் நோய் வந்தாலும், பட்டினி கிடந்தாலும் தனிக்கோடு விழும்.

உடைந்த எலும்பு கூடிவிடும். பல்லின் மேல் ஓடு அப்படி மாறாது. ஒருமுறை உருவானால் உருவானதுதான். மண்ணுக்குள் பல ஆயிரம் ஆண்டுகள் கிடந்தாலும் அந்தக் கோடுகள் இருக்கும்.

பிரான்ஸ் நாட்டின் தென்கிழக்கில் பெய்ர் என்ற இடம் உள்ளது. அங்கே நியாண்டர்தால் மனிதர்களின் பற்கள் கிடைத்தன. இவர்கள் நமக்கு நெருங்கிய உறவினர்கள். சுமார் 40,000 ஆண்டுகளுக்கு முன்பு அழிந்துபோனார்கள். பெய்ரில் கிடைத்த பற்களோ சுமார் 2½ லட்சம் ஆண்டுகள் பழமையானவை. அவற்றில் இரண்டு குழந்தைகளின் பற்களை விஞ்ஞானிகள் மெல்லிய சீவலாக அறுத்தார்கள். கோடுகளை எண்ணினார்கள். கோட்டுக்குக் கோடு என்னென்ன பொருள் கலந்திருக்கிறது என்றும் அளந்தார்கள். முடிவுகள் 2018-இல் வெளிவந்தன.

தாய்ப்பாலில் பேரியம் என்ற பொருள் சிறிதளவு உண்டு. குழந்தை பால் குடிக்கும்போது அது பல்லில் சேரும். பால்குடி மறந்ததும் குறைந்துவிடும். குடிக்கும் நீரின் தன்மை கோடையில் ஒருவிதம், குளிர்காலத்தில் ஒருவிதம். அதுவும் பல்லில் பதியும். எனவே எந்தப் பருவத்தில் என்ன நடந்தது என்று சொல்ல முடிகிறது.

அந்தக் குழந்தைகளில் ஒன்று குளிர்காலம் முடிந்து வசந்தம் வந்தபோது பிறந்தது. 2½ வயதுவரை தாய்ப்பால் குடித்தது. குளிர்காலத்தில் அதன் உடல் நலிந்தது. அந்தக் கோடும் பல்லில் இருக்கிறது. இரண்டு குழந்தைகளின் உடம்பிலும் ஈயம் சேர்ந்திருந்தது. ஈயம் விஷம். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவையாவது சேர்ந்திருக்கிறது. தண்ணீரிலோ உணவிலோ நெருப்புப் புகையிலோ கலந்து வந்திருக்கலாம்.

பெல்ஜியம் நாட்டில் ஸ்க்லாதினா என்ற குகை உண்டு. அங்கே வேறொரு நியாண்டர்தால் பிள்ளையின் பல் கிடைத்தது. இது சுமார் ஒரு லட்சம் ஆண்டுகளுக்கு முந்தியது. அந்தப் பிள்ளை முதல் 7 மாதம் தாய்ப்பால் மட்டுமே குடித்தது. அடுத்த 7 மாதம் பாலோடு வேறு உணவும் சாப்பிட்டது. பிறகு பால் சட்டென்று நின்றுவிட்டது. சாதாரணமாகப் பால்குடி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மறக்கும். இங்கே அப்படி இல்லை.

தாய் நோயில் விழுந்தாளா? இறந்துபோனாளா? பல்லைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பிள்ளை சுமார் 8 வயதுவரை உயிரோடு இருந்தது. 14 மாதக் குழந்தை தானாக இரை தேடாது. யாரோ ஊட்டி வளர்த்திருக்கிறார்கள்.