பரணைப் பார்த்துவிட்டு லாரி பிடியுங்கள்

இணையதளத்தைப் புதுப்பிக்கலாம் என்று ஒரு நிறுவனம் முடிவெடுத்தால் முதலில் நடப்பது டெமோ. விற்க வந்தவர் லேப்டாப்பைத் திரையில் இணைத்து, படத்தை இழுத்து விட்டால் அது தானே இடம்பார்த்து உட்காருவதையும், ஒரே கிளிக்கில் நிறம் மாறுவதையும் காட்டுவார். அவர் கிளம்பியதும் வேர்ட்பிரஸ்ஸா, துருபலா, ஆண்டுச் சந்தா கட்டும் வேறு ஏதாவதா என்று வாதம் சூடு பிடிக்கும். இப்போதுள்ள தளத்தில் எத்தனை பக்கம் இருக்கிறது, யார் எழுதியது, அதில் எவ்வளவு இன்றைக்கும் சரி? இதை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பரணில் என்ன கிடக்கிறது என்று பார்க்காமலே புது வீட்டுக்கு லாரி பிடிப்பதுபோலத்தான் பெரும்பாலான சி.எம்.எஸ். (உள்ளடக்க மேலாண்மை மென்பொருள்) திட்டங்கள் தொடங்குகின்றன.

பிரிட்டிஷ் அரசு பரணில் ஏறிப் பார்த்தது. 2010-இல் அங்கே குடிமக்களுக்கு டைரக்ட்கவ், வணிகர்களுக்கு பிசினஸ் லிங்க், அதுபோகத் துறைக்கொன்று, வாரியத்துக்கொன்று என நூற்றுக்கணக்கான தளங்கள் இருந்தன. லாஸ்ட்மினிட்.காம் நிறுவனர்களில் ஒருவரான மார்த்தா லேன் ஃபாக்ஸ், எல்லாவற்றையும் ஒரே முகவரிக்குள் கொண்டுவரும்படி அரசுக்கு அறிக்கை கொடுத்தார். 2011-இல் ஒரு சிறு குழு 12 வாரத்தில், 2,61,000 பவுண்டு செலவில் ஒரு முன்மாதிரியைக் கட்டிக் காட்டியது. அதிலிருந்து வளர்ந்த கவ்.யூ.கே. தளம் 2012 அக்டோபர் 17 அன்று டைரக்ட்கவ், பிசினஸ் லிங்க் இரண்டையும் மூடிவிட்டு அவற்றின் இடத்தில் வந்தது. 2014 முடிவதற்குள் 300-க்கும் மேற்பட்ட அரசு அமைப்புகள் அதற்குள் குடியேறின.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் அதன் எளிய வடிவமைப்பைப் புகழ்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, குடியேறும் முன் அவர்கள் கடைப்பிடித்த கறார். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரே கேள்வி: யார், என்ன காரியமாக இதைத் தேடி வருகிறார்? பதில் இல்லாத பக்கம் வெளியே. அரசைவிட வேறொருவர் நன்றாகச் சொல்லக்கூடிய விஷயமும் வெளியே. மிஞ்சியதைத் துறை அதிகாரிகள் எழுதவில்லை. எழுதுவதற்கென்றே ஆட்கள் நியமிக்கப்பட்டார்கள். தகவல் சரியா என்று பார்ப்பது அதிகாரியின் வேலை, வாசகருக்குப் புரிகிறதா என்று பார்ப்பது எழுதுபவரின் வேலை. நம் அலுவலகங்களில் இந்தக் கோட்டைப் போடுவதற்குள் தலைமை நிர்வாகிக்கு நரை கண்டுவிடும். ஆனாலும் போடாமல் தீராது.

கவ்.யூ.கே.யில் ‘வங்கி விடுமுறை’ எனப்படும் பொது விடுமுறை நாட்களுக்கு ஒரு பக்கம் இருக்கிறது. அடுத்த விடுமுறை எந்தத் தேதி என்பது மேலே பெரிய எழுத்தில் இருக்கும். இங்கிலாந்து–வேல்ஸ், ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து என்று கீழே தனித்தனிப் பட்டியல். அதே தேதிகளைக் கைபேசி நாட்காட்டிக்குள் இறக்கிக்கொள்ளலாம்; மற்ற மென்பொருள்களும் நேரடியாக எடுத்துக்கொள்ளலாம். தேதிகள் தேதிகளாகவே சேமிக்கப்பட்டிருப்பதால் இது முடிகிறது. இதே பட்டியல் நம் ஊரில் பெரும்பாலும் ஸ்கேன் செய்த சுற்றறிக்கையாக ஒரு பி.டி.எஃப்.-க்குள் கிடக்கும். அதற்குள் தேட முடியாது, கைபேசியில் படிக்கவும் முடியாது. சி.எம்.எஸ். தேர்வில் கேட்க வேண்டிய முதல் தொழில்நுட்பக் கேள்வி இதுதான்: எங்கள் கட்டணத்தையும் கிளை முகவரியையும் கடைசித் தேதியையும் தனித்தனிப் புலங்களாக வைக்க இது இடம் கொடுக்குமா, அல்லது எல்லாவற்றையும் ஒரே வெள்ளைப் பெட்டியில் கொட்டச் சொல்லுமா? கவ்.யூ.கே.யில் எழுதுபவரால் எழுத்தின் நிறத்தை மாற்றக்கூட முடியாது. டெமோவில் எல்லோரையும் மயக்கும் சுதந்திரம் அது. தளம் ஒரே ஆண்டில் அலங்கோலமாவதும் அதனால்தான்.

பழைய முகவரிகளை அவர்கள் கைவிட்டுவிடவில்லை. மூடிய தளத்தின் ஒவ்வொரு இணைப்பும் ஒன்று புதிய பக்கத்துக்குப் போகும், அல்லது தேசிய ஆவணக் காப்பகத்தில் பாதுகாத்த பிரதிக்கு வழிகாட்டும். நம்மில் பலர் திறப்பு விழா அன்றே பழைய சர்வரை நிறுத்திவிடுகிறோம். பத்து ஆண்டாகப் பிறர் கொடுத்து வைத்த இணைப்புகள் ஒரே இரவில் செத்துப்போகும்.

தங்களுக்கான பதிப்பு மென்பொருளையும் அவர்களே எழுதினார்கள். அதைப் பார்த்து யாரும் சூடு போட்டுக்கொள்ள வேண்டாம். அதற்கென்றே சம்பளத்துக்குப் பொறியாளர்களை வைத்திருக்கும் அரசுக்கு அது சரி. நூறு பேர் வேலை செய்யும் அறக்கட்டளைக்குச் சரிவராது. இன்னொன்று, அவ்வளவு கறாராகத் தொடங்கிய அந்தத் தளத்திலும் பின்னாளில் பக்கங்கள் லட்சக்கணக்கில் பெருகி, மறுபடி கணக்கெடுப்பு நடத்த வேண்டியிருந்தது.

தமிழில் தளம் நடத்துகிறவர்களுக்கு, டெமோவில் யாரும் காட்டாத சில சங்கடங்கள் உண்டு. தமிழின் ஒவ்வொரு யூனிகோட் குறியீடும் இணைய முகவரியில் 9 எழுத்தாக விரியும். வேர்ட்பிரஸ் ஒரு பதிவின் முகவரிப் பெயருக்கு ஒதுக்குவது 200 எழுத்து. ஆக 22 குறியீடுகளோடு தலைப்பு வெட்டுப்படும். ‘கோ’ என்பதே 2 குறியீடு என்பதை நினைத்தால், இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் தாங்காது. வாட்ஸ்அப்பில் அந்த இணைப்பைப் பகிர்ந்தால் சதவீதக் குறிகளின் ஊர்வலம்தான் போகும். முகவரியை ஆங்கில எழுத்தில் சுருக்கமாக வைப்பது என்று முதல் நாளே முடிவெடுத்துவிடுங்கள். பிறகு மாற்றினால் பழைய முகவரிகளையெல்லாம் திருப்பிவிட வேண்டியிருக்கும்.

தேடலையும் நீங்களே சோதியுங்கள். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் தேடலில் ‘பள்ளி’ என்று தட்டினால் ‘பள்ளியில்’ வரும்; ‘மரம்’ என்று தட்டினால் ‘மரத்தை’ வராது. முழுச் சொல்லாக மட்டும் தேடும் அமைப்பில் ‘பள்ளியில்’கூட வராது. வேர்ச்சொல் பிரிக்கும் நிரல்கள் தமிழுக்கும் உண்டு. ஸ்னோபால் என்ற நிரல் தொகுப்பில் 2019-இலேயே தமிழ் சேர்ந்துவிட்டது. ஆனால் கேட்டால்தான் வெண்டர் அதைப் பொருத்துவார். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய கோப்புகள் கிடந்தால் அந்தக் கணக்கு தனி. யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இருக்கின்றன. மாற்றியபின் மெய்ப்புப் பார்க்க ஆளும் நாளும் வேண்டும். விலைப்புள்ளியில் ‘உள்ளடக்க இடமாற்றம்’ என்று ஒற்றை வரியில் போவது பெரும்பாலும் இந்த வேலைதான். திட்டத்தின் தேதிகள் சரிவதும் இங்கேதான்.

விலையை ஒப்பிடும்போது வாங்கும் செலவைவிட வைத்திருக்கும் செலவைப் பாருங்கள். துருபல் இலவச மென்பொருள். அதன் 7-ஆம் பதிப்பு 2011 ஜனவரியில் வந்தது. 2015 நவம்பரில் வந்த 8-ஆம் பதிப்பு அடியோடு மாறியிருந்ததால், பழைய தளத்தை அப்படியே மேம்படுத்த வழியில்லை. புதிதாகக் கட்டித் தரவுகளை நகர்த்த வேண்டியிருந்தது. 7-க்கான ஆதரவு 2025 ஜனவரி 5 அன்று நின்றது. காசு கொடுக்காமல் வந்த மென்பொருளுக்கும் பத்துப் பதினான்கு ஆண்டில் ஒரு மறுகட்டுமானச் செலவு காத்திருக்கிறது.

அந்த 7-ஆம் பதிப்பிலேயே 2014 அக்டோபர் 15 அன்று ஒரு பெரும் ஓட்டை அறிவிக்கப்பட்டது. அறிவித்த 7 மணி நேரத்துக்குள் அடைக்காத தளங்கள் ஊடுருவப்பட்டுவிட்டதாகவே கொள்ள வேண்டும் என்று துருபலின் பாதுகாப்புக் குழு பின்னர் எச்சரித்தது. இந்திய நேரத்தில் அந்த 7 மணி நேரம் இரவு 9.30-க்குத் தொடங்கி விடிகாலை 4.30-க்கு முடிந்தது. உங்கள் பராமரிப்பு ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். வேலை நாட்களில் காலை 10 முதல் மாலை 6 வரை என்று அதில் இருந்தால், கையெழுத்துக்கு முன் பேச வேண்டியது இன்னும் பாக்கி இருக்கிறது.