நாரி நோ போனது, தசை திரும்பியதா?

வெங்காயம் கிண்டும் காலத்தில் கிளினிக்கில் நாரி நோக்காரர் கூடிவிடுவார்கள். கோப்பாய்த் தோட்டக்காரர், குருநகரில் வலை இழுப்பவர், நாள் முழுக்கக் கதிரையில் இருக்கும் வங்கி உத்தியோகத்தர் என்று எல்லோரும் சொல்வது ஒரே கதைதான்: "போன வருசமும் வந்தது டொக்டர், குளிசை போட்டனான், மாறிட்டுது." மாறியிருந்தால் இன்று ஏன் வரிசையில் நிற்கிறார்கள்?

தசை தானாகத் திரும்புவதில்லை

அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ஜூலி ஹைட்ஸ் குழுவினர் நாரி நோயாளரின் முள்ளந்தண்டை ஒட்டிய ஆழமான தசையை அல்ட்ராசவுண்டில் அளந்தார்கள். நோ உள்ள பக்கத்தில் தசை மெலிந்திருந்ததை 1994இல் வெளியிட்டார்கள். 1996இல் வந்த முடிவுதான் முக்கியமானது. சில வாரங்களில் நோ போய்விட்டது. ஆனால் பயிற்சி செய்யாதவர்களுக்குப் பத்தாவது வாரத்திலும் தசை பழைய அளவுக்கு வரவில்லை. 2001இல் வெளியிட்ட தொடர் முடிவின்படி, அடுத்த ஓராண்டில் அவர்களில் 84 சதவீதத்தினருக்கு நோ மறுபடி வந்தது. அந்தத் தசைக்கென்றே பயிற்சி செய்தவர்களிடையே அது 30 சதவீதம். ஆய்வில் சேர்ந்தவர்கள் 39 பேர்தான், சிறிய எண்ணிக்கை. ஆனாலும் குளிசையோடு கதையை முடிப்பவர்கள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும்.

படுக்கை, பெல்ட், குளிசை

"ஒரு மாதம் அசையாமல் படு" என்று சொல்லாத உறவினர் இல்லை. சாதாரண நாரிப்பிடிப்புக்கு இரண்டு நாளுக்கு மேல் படுப்பதால் நன்மை இல்லை என்று 1986இலேயே காட்டிவிட்டார்கள். படுக்கப் படுக்கத் தசை இன்னும் மெலியும். மாதக் கணக்கில் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு திரிவதும் பயிற்சிக்கு ஈடாகாது.

எண்ணெய் பூசட்டும், ஒத்தணம் பிடிக்கட்டும், சுகமாக இருக்கும். ஆனால் கால் விறைத்தவரைக் குப்புறப் போட்டு முதுகில் ஏறி மிதிப்பதற்கு என்ன பெயர் வைப்பது?

எனக்குக் கோபம் வருவது டைக்ளோபினாக் விடயத்தில்தான். பாமசியில் பெயரைச் சொல்லி வாங்கி, மாதக் கணக்கில் விழுங்குகிறார்கள். சலரோகமும் பிறசரும் இருப்பவர் இப்படி விழுங்கினால் சிறுநீரகம் பழுதாகலாம். குடற்புண்ணில் இரத்தம் கசிந்து மலம் கறுப்பாகப் போகலாம். பக்கத்து வீட்டு ஆச்சியின் குளிசை உங்களுக்கானதல்ல.

"அது பிள்ளைத்தாய்ச்சிக்கு எடுக்கிற ஸ்கான் எல்லோ?"

ஓம், அல்ட்ராசவுண்ட் அதே கருவிதான். நாரியில் வைத்தால் தசையின் தடிப்பும், அது சுருங்குகிறதா என்பதும் தெரியும், கதிர்வீச்சு இல்லை. திரையைப் பார்த்தபடியே தசையை இறுக்கப் பழகலாம் என்பதே இதன் பெரிய பயன். தட்டு விலகியதா, நரம்பு நசிந்ததா என்று அறிய இது உதவாது. எல்லோருக்கும் ஸ்கான் தேவையும் இல்லை. எம்.ஆர்.ஐ. படத்தில் "தட்டுத் தேய்வு" என்று கண்டு கலங்குவோருக்கு ஒன்று: நோவே இல்லாத இருபது வயதினரிலும் மூன்றில் ஒருவருக்கு மேல் அது தெரியும்.

காத்திருக்கக் கூடாதவர்கள்

சிறுநீர் அடைத்தால், பிறப்புறுப்பைச் சுற்றி விறைத்தால், கால் பலமிழந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். காய்ச்சல், மெலிவு, விழுந்து அடிபட்டது, முன்பு புற்றுநோய் இருந்தது என்றாலும் தாமதிக்காதீர்கள்.

மற்றவர்களிடம் ஒரு மன்றாட்டம். நோ விட்டதும் இயன்மருத்துவப் பிரிவுக்கு வருவதை நிறுத்திவிடாதீர்கள். தோட்டம் ஒரு மணித்தியாலம் பொறுக்கும். பயிற்சியை முடித்துவிட்டுப் போங்கள்.