மலைப்பாதையில் நம் வீட்டுப் பாடல்கள்



நம்மில் பலருடைய வீட்டில், பரண் மேலோ பீரோவுக்கு அடியிலோ, ஓர் அட்டைப்பெட்டி இருக்கும். திறந்து பார்த்தால் கேசட்டுகள். சிலவற்றின் முதுகில் பால்பாயின்ட் பேனாவால் எழுதிய பெயர்கள் பாதி அழிந்திருக்கும். அதன் பக்கத்திலேயே, உறை இல்லாத சி.டி.க்கள் ஒன்றின் மேல் ஒன்றாக. "எல்லாம் செல்போனிலேயே கிடைக்குதே ஃபாதர், இதையெல்லாம் எதுக்கு இன்னும் வச்சிருக்கீங்க?" என்று என் அறையைச் சுத்தம் செய்ய வந்த இளைஞர் ஒருவர் ஒருமுறை கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் எல்லாம் கிடைக்கிறதா?

என்னிடம் உள்ள கேசட்டுகளில் ஒன்று, 1989-ஆம் ஆண்டு ஒரு சிற்றூர் பாடகர் குழு ஓர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பதிவு செய்தது. ஆர்மோனியம், தபேலா, ஏழெட்டுக் குரல்கள். இரண்டாவது பாட்டுக்கும் மூன்றாவது பாட்டுக்கும் நடுவே யாரோ இருமுவார்கள். அந்தக் குழுவில் நால்வர் இன்று உயிரோடு இல்லை. எந்த நிறுவனத்தின் பாடல் செயலியிலும் இதைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. விற்பனைக்கே வராத பதிவு எப்படி அங்கே இருக்கும்?

அங்கே இருப்பவையும் நிலையாக இருப்பதில்லை. கூகுள் பிளே மியூசிக் என்ற சேவை, நம்முடைய சொந்தப் பாடல்களை 50,000 வரை இலவசமாக ஏற்றி வைத்துக்கொள்ள இடம் தந்தது. 2020-ஆம் ஆண்டின் இறுதியில் அது மூடப்பட்டது. வேறு இடத்துக்கு மாற்றிக்கொள்ள அவகாசம் கொடுத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கவனிக்காமல் விட்டவர்களின் பதிவுகள் அழிக்கப்பட்டன. நம் நாட்டில் 2014-இல் தொடங்கிய விங்க் மியூசிக் 2024-இல் நிறுத்தப்பட்டது. மாதந்தோறும் பணம் கட்டிக் கேட்பது வாடகை வீடு போன்றதுதான். வீட்டுக்காரர் எப்போது காலி செய்யச் சொல்வார் என்று தெரியாது.

எனவேதான், நம் பாடல்களை நம் வீட்டிலேயே வைத்துக்கொண்டு, நாம் எங்கே போனாலும் அங்கே வரவழைத்துக் கேட்கும் வழியைப் பற்றி இங்கே எழுதுகிறேன். நான் பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு மாதம் இரண்டு மூன்று முறை கார் ஓட்டிச் செல்பவன். ஏறக்குறைய 64 கிலோமீட்டர், 40 கொண்டை ஊசி வளைவுகள். அந்தப் பாதையில் நான் கற்றுக்கொண்டதுதான் இதில் பெரும்பகுதி.

முதல் வேலை கேசட்டில் இருப்பதைக் கணினிக்குக் கொண்டுவருவது. இதற்குக் குறுக்குவழி கிடையாது. 60 நிமிடக் கேசட் என்றால் 60 நிமிடமும் ஓடித்தான் ஆக வேண்டும். பழைய டேப்ரெக்கார்டரின் ஹெட்போன் துளையிலிருந்து ஒரு கம்பியைக் கணினிக்குக் கொடுத்து, ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் பதிவு செய்யலாம். தொடங்குமுன் டேப்பின் தலைப்பகுதியைப் பஞ்சில் ஐசோபுரோப்பில் ஆல்கஹால் தொட்டுத் துடைத்துவிடுங்கள். நாடா தொய்ந்திருந்தால், அந்தக் காலத்தில் செய்தது போலவே பென்சிலை விட்டுச் சுற்றுங்கள். வெள்ளையாகப் பூஞ்சை பிடித்த நாடாவை மட்டும் அவசரப்பட்டு ஓடவிட வேண்டாம். அது டேப்பையும் கெடுக்கும், அடுத்து ஓடும் கேசட்டையும் கெடுக்கும். சி.டி.க்கள் எளிது, சில நிமிடங்களில் ஒவ்வொன்றையும் கணினியில் எடுத்துவிடலாம்.

எடுக்கும்போது ஃபிளாக் என்ற வடிவில் சேமிப்பது நல்லது. இதில் ஒலியின் எந்தத் துளியும் விடப்படுவதில்லை. எம்.பி.3 வடிவம், மனிதக் காது கவனிக்காது என்று கணித்த பகுதிகளை வெட்டிவிட்டுத்தான் சிறிதாகிறது. வெட்டியதைத் திரும்பப் பெற முடியாது. பெயர்களை இடும்போது, அவசரத்தில் "டிராக் 01" என்று விட்டுவிடாதீர்கள். பாடல், பாடியவர், ஆண்டு என்று மூன்றையாவது எழுதுங்கள். தமிழில் எழுதினால் ஒருங்குறியிலேயே எழுதுங்கள். ஒரு காலத்தில் நாம் ஆளுக்கொரு எழுத்துருவில் தட்டச்சு செய்து வைத்த பெயர்களெல்லாம் இன்று யாரும் வாசிக்க முடியாத குப்பையாகத் தெரிகின்றன. (என் காரின் திரையில் ஒருங்குறித் தமிழும் கட்டம் கட்டமாகத்தான் தெரிகிறது என்பது வேறு கதை. கைப்பேசியில் சரியாக இருக்கிறது.)

இனி, இந்தப் பாடல்களை வீட்டில் காத்திருந்து பரிமாறும் கணினி ஒன்று வேண்டும். புதிதாக வாங்க வேண்டியதில்லை. நான் பயன்படுத்துவது, திரை உடைந்து மூலையில் கிடந்த ஒரு மடிக்கணினி. பழைய மடிக்கணினியில் ஒரு நன்மை உண்டு: பேட்டரி இன்னும் உயிரோடு இருந்தால், மின்சாரம் போனாலும் சற்று நேரம் தாக்குப்பிடிக்கும். ஆனால் இணையப்பெட்டி அணைந்துவிட்டால் கணினி விழித்திருந்தும் பயனில்லை; அதற்கும் ஒரு சிறு யு.பி.எஸ். வைத்துவிடுங்கள். கணினியில் நேவிட்ரோம் என்ற இலவச மென்பொருளை நிறுவி, பாடல்கள் இருக்கும் கோப்புறையைக் காட்டினால், அது எல்லாவற்றையும் வாசித்து அட்டவணை போட்டுக்கொள்கிறது. ஜெல்லிஃபின், பிளெக்ஸ் என்று வேறு மென்பொருள்களும் உண்டு. அவை திரைப்படங்களையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும். பாட்டு மட்டும் போதும் என்பவர்களுக்கு நேவிட்ரோம் எளியது, பழைய கணினியிலும் ஓடும். கைப்பேசியில் அதனோடு பேசக்கூடிய செயலி ஒன்றைப் போட்டுக்கொள்ள வேண்டும். இவ்வளவு செய்தால், வீட்டின் வைஃபைக்குள் எல்லாப் பாடல்களும் கைப்பேசியில் வந்துவிடும்.

வாசலைத் தாண்டிய உடனே நின்றுவிடும். ஏன்?

நான் படித்த விடுதியில் அலுவலக அறையில் ஒரே ஒரு தொலைபேசி இருந்தது. மாணவன் வெளியே அழைத்துப் பேசலாம். வெளியிலிருந்து அழைப்பு வந்தால், எந்த மாணவனுக்கு என்று எடுப்பவருக்குத் தெரியாவிட்டால் வைத்துவிடுவார். இன்றைய இணைய இணைப்புகளில் பலவும் இப்படித்தான் இயங்குகின்றன. இணையத்தின் பழைய முகவரி முறையில் மொத்தம் 429 கோடி எண்கள்தாம் உண்டு. பொதுக் கையிருப்பில் இருந்த கடைசித் தொகுதிகள் 2011 பிப்ரவரியில் பகிர்ந்தளிக்கப்பட்டு முடிந்தன. ஆகவே பல நிறுவனங்கள் ஒரே எண்ணைப் பல வீடுகளுக்குப் பொதுவாக வைத்திருக்கின்றன. வெளியே போகும் அழைப்பு போகும். உள்ளே வரும் அழைப்பு எந்த வீட்டுக்கு என்று தெரியாமல் நின்றுவிடும்.

இதற்குத் தீர்வு, டெயில்ஸ்கேல் போன்ற மெய்நிகர் தனி வலையமைப்பு. வீட்டுக் கணினியும் கைப்பேசியும் இரண்டுமே வெளியே உள்ள ஒரு பொது இடத்தை அழைக்கின்றன. அந்த இடம் இருவரையும் அறிமுகப்படுத்தி வைக்கிறது. பிறகு அவை தங்களுக்குள் பூட்டுப் போட்ட ஒரு பாதையில் பேசிக்கொள்கின்றன. தனிப்பட்ட பயன்பாட்டுக்கு இதற்குக் கட்டணம் இல்லை. வீட்டுக் கணினியை உலகத்துக்கெல்லாம் திறந்துவைக்கவும் தேவையில்லை. சிலர் இணையப்பெட்டியில் நேரடியாக ஒரு வாசலைத் திறந்துவிடச் சொல்வார்கள். கதவைத் திறந்து போட்டுவிட்டு ஊருக்குப் போவது போன்றது அது, எனக்கு உடன்பாடில்லை.

அடுத்து, எவ்வளவு டேட்டா செலவாகும் என்ற கேள்வி. சி.டி.யில் உள்ள ஒலி நொடிக்கு 14 லட்சம் பிட் அளவு. அப்படியே அனுப்பினால் ஒரு மணி நேரத்துக்கு 635 எம்.பி. ஆகும். ஃபிளாக் அதை ஏறக்குறைய பாதியாக்கும். வீட்டுக் கணினியே அனுப்பும்போது அதை ஓபஸ் வடிவில் 96 கிலோபிட்டுக்குச் சுருக்கி அனுப்பினால், ஒரு மணி நேரத்துக்கு 43 எம்.பி. போதும். வீட்டில் உள்ள மூலம் அப்படியே இருக்கும். வழிக்கு மட்டும் சிறு பொட்டலம். தரம் குறையுமே என்று கவலைப்பட வேண்டாம். ப்ளூடூத் வழியாகக் காருக்குப் போகும்போது ஒலி மீண்டும் ஒருமுறை சுருக்கப்படத்தான் போகிறது. இரண்டாவது கியரில் மலை ஏறும் காரின் இரைச்சலில், 1989-இன் ஆர்மோனியத்தில் என்ன வேறுபாடு தெரியப் போகிறது?

இதுவரை சொன்னவை அறையில் உட்கார்ந்து செய்யும் வேலைகள். சாலையில்தான் உண்மையான சிக்கல். பொள்ளாச்சியிலிருந்து ஆழியார் வரை சமவெளி. ஒரு கோபுரம் நம்மை அடுத்த கோபுரத்துக்குக் கைமாற்றிக்கொண்டே போகும். பாட்டு தடையில்லாமல் வரும். சோதனைச் சாவடியைத் தாண்டி மலை ஏறத் தொடங்கினால், பாறை ஒரு பக்கம், பள்ளம் ஒரு பக்கம். ஒரு வளைவில் சிக்னல் இருக்கும், அடுத்த வளைவில் இருக்காது. கைப்பேசி முன்கூட்டியே வாங்கிவைத்திருந்த சில நொடிகள் தீர்ந்ததும், பாடல் ஒரு சொல்லின் நடுவில் நிற்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் அட்டகட்டியைத் தாண்டிய ஓரிடத்தில் எனக்கு அப்படி நின்றது. நான் கைப்பேசியைக் கையில் எடுத்தேன். வேறு பாடலைத் தேடினேன். மூன்று நொடியோ நான்கு நொடியோ, அதற்கு மேல் இருக்காது. தலைநிமிர்ந்தபோது, தலையில் கொழுந்து மூட்டையோடு சாலையோரம் நடந்து வந்த ஓர் அம்மா, காரின் முகப்புக்கு ஒரு கை தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். பிரேக் போட்டு நிறுத்திவிட்டேன். மூட்டை சரிந்து கீழே விழுந்தது. அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, "பாத்து வாங்க சாமி, மந்தி குறுக்க ஓடும்" என்றார். நான் மந்தியைப் பார்த்துத்தான் பிரேக் போட்டேன் என்று அவர் நினைத்துக்கொண்டார். நான் அவரைத் திருத்தவில்லை. மூட்டையைத் தூக்கிவிட்டேன், அவ்வளவுதான். அன்று சொல்லாததை இன்று இங்கே எழுதுகிறேன்.

பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 30 கிலோமீட்டர் என்பது மலைப்பாதையில் மெதுவான வேகம். அந்த வேகத்தில் கார் நொடிக்கு 8 மீட்டருக்கு மேல் போகிறது. நான்கு நொடியில் 33 மீட்டர். அவ்வளவு தூரத்தை நான் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியிருக்கிறேன். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவு, ஓட்டும்போது கைப்பேசியைக் கையில் வைத்துப் பயன்படுத்துவதை ஆபத்தான ஓட்டுதல் என்றே வகைப்படுத்துகிறது. முதல் குற்றத்துக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதமோ, ஆறு மாதத்துக்குக் குறையாத சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். 2020 அக்டோபர் முதல் விதிகளில் தரப்பட்ட விலக்கு வழிகாட்டும் வரைபடத்துக்கு மட்டுமே, அதுவும் ஓட்டுநரின் கவனம் சிதறாத வகையில். பாடல் தேடுவதற்கு விலக்கு இல்லை.

ஆகவே நான் இப்போது செய்வது இது. முந்தின இரவே, வீட்டு வைஃபையில், மலைக்கான மூன்று மணி நேரப் பாடல்களைப் பட்டியலாக்கிக் கைப்பேசியில் இறக்கிவிடுகிறேன். பெரும்பாலான செயலிகளில் இந்த வசதி உண்டு. சமவெளியில் வீட்டிலிருந்து நேரடியாக வருவதைக் கேட்கிறேன். ஆழியாரில் ஒரு டீ குடிக்க நிறுத்தும்போது, இறக்கிவைத்த பட்டியலைத் தொடங்கிவிட்டு, கைப்பேசியை டேஷ்போர்டு பெட்டிக்குள் போட்டு மூடிவிடுகிறேன். பாட்டை மாற்ற வேண்டுமென்றால் ஸ்டீயரிங்கில் உள்ள பொத்தான் போதும். காரில் ஆண்ட்ராய்டு ஆட்டோவோ ஆப்பிள் கார்பிளேயோ இருந்தால், செயலியை வாங்குமுன் அது அவற்றோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் பெரிய திரை வந்துவிட்டது என்பதற்காக அதில் தேடிக்கொண்டு ஓட்டலாம் என்று அர்த்தமில்லை.

உங்களிடம் இருப்பது இருநூறு முந்நூறு பாடல்கள்தாம் என்றால், இதில் எதுவுமே வேண்டாம். எல்லாவற்றையும் எம்.பி.3 ஆக்கி ஒரு பென் டிரைவில் போட்டுக் காரில் செருகிவிடுங்கள். சிக்னல் தேவையில்லை, டேட்டா தேவையில்லை. என்னிடம் உள்ளவை கைப்பேசிக்குள் அடங்காத அளவு என்பதால்தான் இத்தனை ஏற்பாடு.

எப்படி வைத்திருந்தாலும் இரண்டு பிரதிகள் வையுங்கள், ஒன்று வேறொரு வீட்டில் இருக்கட்டும். வன்தட்டு முன்னறிவிப்போடு கெட்டுப்போவதில்லை. கடையில் வாங்கிய சி.டி.யை உங்கள் சொந்தப் பயன்பாட்டுக்குக் கணினியில் எடுத்து வைப்பது வேறு. அதை ஊரெல்லாம் கேட்கத் திறந்துவிடுவது வேறு. உறவினருக்கெல்லாம் கடவுச்சொல்லைக் கொடுத்துவிடாதீர்கள்.

அந்த 1989 கேசட்டுக்கு இந்தத் தடை இல்லை. பாடியவர்களில் எஞ்சியிருப்போரைக் கேட்டு, அவர்கள் சம்மதத்தோடு, இறந்துபோன நால்வரின் பிள்ளைகளுக்கும் பிரதி எடுத்துக் கொடுத்தேன். ஒருவருடைய மகள், "அந்த இருமல் எங்க அப்பாதான் ஃபாதர்" என்றார். ஆடாசிட்டியில் அதை வெட்டிவிடலாம் என்று ஒரு கட்டத்தில் நினைத்திருந்தேன்.