பொய்ச் சான்றிதழில் வாங்கிய வேலை நிலைக்குமா?



குழுக் கூட்டத்தில் யாராவது உள்கடன் கேட்டால், என்ன காரணம் என்று கேட்டு நோட்டில் எழுதுவது நம் வழக்கம். கறவை மாடு, மரவள்ளி நடவு, ஆஸ்பத்திரிச் செலவு என்று சொல்வோம். கல்வராயன்மலையில் உள்ள நம் குழு ஒன்றில் ஒரு சகோதரி "படிப்புச் செலவு" என்று சொல்லி இருபதாயிரம் ரூபாய் கேட்டார்.

"யாரு படிக்கிறா?" என்று ஊக்குநர் கேட்டார்.

"யாரும் படிக்கல அக்கா. பத்தாவது மார்க் ஷீட்டு ஒண்ணு வாங்கணும். கீழ கள்ளக்குறிச்சியில ஒருத்தர் வாங்கித் தர்றேன்னு சொல்றார். அதை வெச்சு அங்கன்வாடி வேலைக்குப் போட்டுடலாம்."

குழு கடன் கொடுக்கவில்லை. அந்தச் சகோதரி அழுதுவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. எட்டாவது வரை நன்றாகப் படித்தவர். அப்பா அம்மா வெளி மாநிலத்துக்கு வேலைக்குப் போக, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளப் படிப்பை விட்டவர். "யாரு கண்டுபிடிக்கப் போறா? எல்லாரும்தான் செய்றாங்க" என்று அவர் கேட்டதற்கு அன்று நம்மால் முழுப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் விசாரித்து, தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம்.

யார் கண்டுபிடிப்பார்கள்?

அரசு வேலையில் சேர்ந்தவுடன் சான்றிதழை வாங்கிப் பார்ப்பதோடு வேலை முடிவதில்லை. "உண்மைத்தன்மை" கேட்டு அதை அனுப்புவார்கள். பத்தாவது, பன்னிரண்டாவது மதிப்பெண் சான்று என்றால் சென்னையில் உள்ள அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்குப் போகும். அங்கே ஒவ்வொருவரின் பதிவெண், பெயர், பிறந்த தேதி, மதிப்பெண் எல்லாம் பதிவில் இருக்கும். புரோக்கர் கொடுத்த காகிதத்தில் முத்திரை எவ்வளவு அழகாக இருந்தாலும், அந்தப் பதிவில் நம் பெயர் இருக்காது.

பதில் வர சில மாதம் ஆகலாம், சில வருஷமும் ஆகலாம். அதுவரை சம்பளம் வரும். அதை நம்பி வீடு கட்டுவோம், கடன் வாங்குவோம், பெண்ணுக்கு வரன் பேசுவோம். அதற்குப் பிறகு ஓலை வரும். அதுவும் வராவிட்டால், வேலை கிடைக்காத யாராவது ஒருவர் மனுப் போடுவார். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

27 வருஷம் ஆனாலும் விடாது

"பத்து வருஷம் ஓட்டிட்டா அப்புறம் ஒண்ணும் செய்ய மாட்டாங்க" என்று சிலர் நினைக்கிறார்கள். இது தவறு.

பக்கத்துக் கேரளாவில் ஒருவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்று பொய்யாகச் சாதிச் சான்று கொடுத்து, 1977-ல் காவல் துறையில் டி.எஸ்.பி.யாகச் சேர்ந்தார். பதவி உயர்வும் பெற்றார். பிறகு சான்று பொய் என்று நிரூபணமாகி வேலை போனது. "27 வருஷம் உழைத்திருக்கிறேன், பென்ஷனாவது கொடுங்கள்" என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். 2004 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. வேலைக்குச் சேர்ந்ததே செல்லாது என்னும்போது பென்ஷன் உரிமை எங்கிருந்து வரும் என்று நீதிமன்றம் மறுத்துவிட்டது. அதே சாதிச் சான்றை வைத்து அவர் மகன் பொறியியல் கல்லூரியில் சேர்ந்திருந்தார். மகனுக்குப் பட்டம் கொடுக்க மட்டும் அனுமதித்து, இனி அவர் பொதுப்பிரிவுதான் என்று சொல்லிவிட்டார்கள். அப்பா சொன்ன பொய்க்காக மகனும் கோர்ட்டுப் படி ஏற வேண்டியதாகிவிட்டது.

2017-ல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் இதை இன்னும் உறுதியாகச் சொன்னார்கள். பொய்யான சாதிச் சான்றில் பெற்ற வேலையை, நெடுநாள் வேலை பார்த்ததைக் காரணம் காட்டிக் காப்பாற்ற முடியாது.

படிப்பை மறைத்தாலும் பொய்தான்

இல்லாத படிப்பை இருப்பதாகச் சொல்வதுதான் தவறு என்று நினைக்க வேண்டாம். ஒடிசாவில் பஞ்சாப் நேஷனல் வங்கி 2016-ல் பியூன் வேலைக்கு ஆள் எடுத்தது. பன்னிரண்டாவது படித்திருக்க வேண்டும், பட்டதாரியாக இருக்கக் கூடாது என்பது விதி. ஒருவர் தன் பட்டத்தை மறைத்து வேலை வாங்கினார். விஷயம் தெரிந்ததும் வங்கி அவரை வேலையில் வைத்துக்கொள்ள மறுத்தது. 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வங்கி செய்தது சரி என்றது.

"கூடப் படிச்சது ஒரு குத்தமா?" என்று தோன்றும். படித்தது குற்றமில்லை, மறைத்ததுதான் குற்றம். அதிகம் படிக்காதவருக்கு என்று ஒதுக்கிய இடம் அது.

நம் பகுதியில் வரும் வேலைகளுக்கும் இதே கதைதான். அங்கன்வாடி, சத்துணவு போன்ற வேலைகளுக்குப் படிப்போடு வயது, குடியிருக்கும் ஊர் எல்லாம் பார்க்கிறார்கள். விதவை, கணவனால் கைவிடப்பட்டவர் என்றால் முன்னுரிமை உண்டு. புருஷனோடு குடும்பம் நடத்திக்கொண்டே "கைவிடப்பட்டவர்" என்று எழுதிக் கொடுப்பதும் பொய்ச் சான்றுதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

2024 ஜூலை 1 முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் உள்ளது. ஏமாற்றி ஆதாயம் பெற்றாலும், ஏமாற்றுவதற்காகப் போலி ஆவணம் தயாரித்தாலும் 7 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. போலி என்று தெரிந்தே அதைக் கொடுப்பவருக்கும், தயாரித்தவருக்கு உள்ள அதே தண்டனைதான். "நான் செய்யலீங்க, அவர்தான் அடிச்சுக் கொடுத்தார்" என்று தப்ப முடியாது. காகிதத்தில் இருப்பது நம் பெயர், விண்ணப்பத்தில் இருப்பது நம் கையெழுத்து. புரோக்கர் செல்போன் நம்பரை மாற்றிக்கொண்டு போய்விடுவார்.

அந்த வேலை யாருடையது?

தமிழ்நாட்டு அரசு வேலையில் பழங்குடியினருக்கு ஒதுக்கீடு 1 சதவீதம். நூறு இடத்தில் ஒரே ஓர் இடம். நம் கல்வராயன்மலை 1976-ல்தான் ஜாகீர்தார்கள் கையிலிருந்து முழுமையாக அரசு நிர்வாகத்துக்கு வந்தது. வெள்ளிமலை, கரியாலூர், சேராப்பட்டு பக்கம் இன்று பன்னிரண்டாவது முடிக்கும் பெண்களில் பலர், வீட்டில் முதன்முதலாகப் பள்ளி முடித்தவர்கள். அந்த ஒரே இடத்தை, பழங்குடியே இல்லாத ஒருவர் பொய்யாக "மலையாளி" என்று சான்று வாங்கி எடுத்துக்கொண்டால், இழப்பது இந்தப் பெண்தான்.

இப்படிப் பொய்கள் பெருகியதால்தான் 1989 முதல் பழங்குடியினர் சான்றை தாசில்தார் கொடுக்காமல் கோட்டாட்சியர் அளவில் கொடுக்கிறார்கள். 1994-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபின் மாநில அளவில் சரிபார்ப்புக் குழுக்களும் வந்தன. திருடனுக்குப் போட்ட பூட்டு வீட்டுக்காரனையும் வெளியே நிறுத்துகிறது. உண்மையான பழங்குடிக் குடும்பங்களும் சான்றுக்காக நடையாய் நடக்க வேண்டியிருக்கிறது.

சாதிச் சான்றில் சொல்லும் பொய் நம்மைப் பாதிக்கிறது என்று கோபப்படுகிறோம். மார்க் ஷீட்டில் நாம் சொல்லும் பொய்யும், கஷ்டப்பட்டுப் பத்தாவது பாஸ் செய்த பக்கத்து ஊர்ப் பெண்ணைத்தான் பாதிக்கும்.

நேர்வழி என்ன?

* எட்டாவது, பத்தாவது தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். பெரிய வயது ஒரு தடையில்லை. பத்தாவதுக்கு அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கும் பதிவு செய்ய வேண்டும். அதை மறந்துவிடாதீர்கள்.
* தேசிய திறந்தநிலைப் பள்ளி மூலமாகவும் பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கலாம்.
* "பத்தாவது வேண்டாம், நேராக டிகிரி" என்று யாராவது சொன்னால் பணம் கட்டாதீர்கள். பத்தாவதும் பன்னிரண்டாவதும் முடிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வாங்கும் பட்டத்தை அரசு வேலைக்கு ஏற்க முடியாது என்று 2009-ல் தமிழக அரசு ஆணை போட்டது.
* மதிப்பெண் சான்று தொலைந்து போனால் மறுபிரதி வாங்கலாம். படித்த பள்ளியின் தலைமை ஆசிரியரைப் பாருங்கள்.
* பெயரோ பிறந்த தேதியோ தவறாக இருந்தால் பேனாவால் திருத்தாதீர்கள். அது உண்மைச் சான்றையும் போலியாக்கிவிடும். முறைப்படி மனுக் கொடுங்கள்.
* விண்ணப்பத்தை வேறு யார் எழுதிக் கொடுத்தாலும், படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

முடிவாக ஒரு வார்த்தை

அந்தச் சகோதரிக்கு மறு மாதமே குழு கடன் கொடுத்தது. இருபதாயிரம் இல்லை. தேர்வுக் கட்டணம், புத்தகம், பஸ் செலவுக்கு மட்டும். இப்போது காலையில் ஆடு ஓட்டிவிட்டு, மாலையில் குழுவில் உள்ள பன்னிரண்டாவது படித்த பெண்ணிடம் கணக்குப் பாடம் கேட்கிறார். நோட்டில் காரணம் "படிப்புச் செலவு" என்றுதான் இருக்கிறது. இந்த முறை அது உண்மை.

அடுத்த கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டுங்கள். உங்கள் குழுவில் பாதியில் படிப்பை விட்டவர்கள் எத்தனை பேர் என்று கணக்கெடுங்கள். தனித்தேர்வு எழுத விரும்புகிறவர்களின் பெயரைத் தீர்மான நோட்டில் எழுதிக் கூட்டமைப்புக்குக் கொடுத்தால், விண்ணப்பிக்கும் வேலையைச் சேர்ந்தே செய்வோம்.