மூக்குக்குப் பழகும் நெடி, உணரிக்குப் பழகாது!

கார்த்திகை தீபம் நெருங்கினால் திருவண்ணாமலைப் பக்கம் மழையும் சேர்ந்துகொள்ளும். சாரல் படாமல் மாட்டுக்கொட்டகை, கோழிக்கொட்டகையைச் சுற்றிப் படுதா கட்டுவார்கள். கோமியமும் எச்சமும் ஈரத்தில் மட்கி, உள்ளே அம்மோனியா வாயு தேங்கும். கண் எரியும், குஞ்சுகள் சோர்ந்து தீவனம் குறைக்கும். கோழிக்கொட்டகைக் காற்றில் 10 லட்சம் பங்குக்கு 25 பங்கை அம்மோனியா தாண்டக் கூடாது என்பார்கள். ஆனால், தினமும் உள்ளே புழங்குபவரின் மூக்குக்கு நெடி பழகிவிடும்.

இங்கே கைகொடுப்பவை நுண்துளை நானோ உணரிகள். கொட்டாங்குச்சியில் தயாரிக்கும் 'ஆக்டிவேட்டட் கார்பன்' ஒரு கிராமில், துளைகளின் உட்சுவர்ப் பரப்பு மட்டும் சுமார் 25 சென்ட் நிலம் அளவு இருக்கும். பரப்பு கூடினால் வாயு ஒட்டும் இடமும் கூடும். இதே அடிப்படையில் தஞ்சாவூர் சாஸ்த்ரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், துத்தநாக ஆக்சைடு நானோ படலங்களை அம்மோனியா உணரிகளாகச் சோதித்திருக்கிறார்கள். அம்மோனியா பட்டதும் படலத்தின் மின்தடை மாறும். எவ்வளவு மாறியது என்பதை வைத்து வாயுவின் அளவைக் கணக்கிடலாம்.

உணரி கைக்கு வரும்வரை என்ன செய்யலாம்?

* அம்மோனியா காற்றைவிட லேசானது. படுதாவின் மேற்பக்கம் ஒரு முழம் திறந்திருக்கட்டும்.
* ஈரக் கூளத்தை உடனே மாற்றுங்கள்.
* வெளியிலிருந்து வருபவரிடம் நெடி அடிக்கிறதா என்று கேளுங்கள்.
* கோமியத்தைத் தேங்கவிடாமல் எருக்குழிக்குத் திருப்பி, காய்ந்த கூளத்தால் மூடுங்கள். நெடியாகப் பறப்பது உங்கள் எருவின் தழைச்சத்துதான்!