போட்டிக்குப் பெயர் கொடுக்காத கெட்டிக்காரிகள்

ஐந்து இரண்டிலக்க எண்களைக் கூட்ட வேண்டும். கால்குலேட்டர் கிடையாது, எழுதிப் பார்க்கக் காகிதம் உண்டு. ஐந்து நிமிடத்துக்குள் எத்தனை கணக்குச் சரியாக வருகிறதோ, அத்தனைக்கும் பணம். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் 40 ஆண்களையும் 40 பெண்களையும் உட்காரவைத்து முரியல் நீடர்லே, லீஸ் வெஸ்டர்லண்ட் என்ற இரு பொருளியலாளர்கள் நடத்திய சோதனை இது. 2007-இல் அதன் முடிவுகள் வெளிவந்தன. உயர்பதவிகளில் பெண்கள் ஏன் குறைவு என்ற கேள்வியைப் பொருளியலில் யார் எடுத்தாலும் இன்றும் இந்தச் சோதனையைத் தொடாமல் போக முடியாது.

ஒரு குழுவுக்கு நான்கு பேர்: இரண்டு ஆண், இரண்டு பெண். ஆண், பெண் என்ற பேச்சையே யாரும் எடுக்கவில்லை. பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பது மட்டும் கண்ணுக்குத் தெரியும். முதல் சுற்றில் பீஸ் ரேட், சரியான கணக்குக்கு 50 சென்ட். இரண்டாம் சுற்று போட்டி: நால்வரில் முதலாவதாக வருபவருக்குக் கணக்குக்கு 2 டாலர், மற்ற மூவருக்கும் ஒன்றுமில்லை. மூன்றாம் சுற்றில் பீஸ் ரேட்டா, போட்டியா என்பதை அவரவரே முடிவு செய்யலாம். இதுவரை தான் எத்தனையாவது இடம் என்பது யாருக்கும் சொல்லப்படவில்லை.

இரண்டாம் சுற்றில் இரு பாலாரும் சராசரியாகப் பன்னிரண்டு கணக்கு அளவில் போட்டிருந்தார்கள். திறமையில் வித்தியாசம் இல்லை. ஆனால் மூன்றாம் சுற்றில் போட்டியைத் தேர்ந்தெடுத்த ஆண்கள் 73 சதவீதம், பெண்கள் 35 சதவீதம்.

இதில் பணக் கணக்கைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மற்ற மூவரையும் முந்தினால்தான் ஜெயிக்க முடியும்; ஜெயித்தால் நான்கு மடங்கு. ஜெயிக்கும் வாய்ப்பு நாலில் ஒன்றுக்கு மேல் இருப்பவருக்குப் போட்டி லாபம், குறைவாக இருப்பவருக்கு நஷ்டம். அப்படியென்றால் நன்றாகக் கணக்குப் போடுபவர் உள்ளே போக வேண்டும், தடுமாறுபவர் வெளியே நிற்க வேண்டும். நடந்தது வேறு. திறமை வரிசையில் கடைசிக் கால்பங்கில் இருந்த ஆண்கள், முதல் கால்பங்கில் இருந்த பெண்களைவிட அதிகமாகப் போட்டிக்குள் போனார்கள். ஜெயிக்க முடியாத ஆண்கள் கையில் வரவேண்டிய காசை இழந்தார்கள். ஜெயித்திருக்கக்கூடிய பெண்களும் இழந்தார்கள். அந்த ஆய்வுக் கட்டுரையின் தலைப்பிலேயே இரண்டு கேள்விகள் உண்டு: பெண்கள் போட்டியிலிருந்து ஒதுங்குகிறார்களா, ஆண்கள் அளவுக்கு மீறிப் போட்டி போடுகிறார்களா? இரண்டாவது கேள்வியை ஊர் மறந்துவிட்டது. 'பெண்களுக்குத் துணிச்சல் போதாது' என்று மட்டும் சொல்வது, ஆய்வில் பாதியைக் கிழித்து எறிவதாகும்.

ஏன் இப்படி? முதல் காரணம் தன்மதிப்பீடு. நால்வரில் நான்தான் முதல் என்று நினைத்த ஆண்கள் 75 சதவீதம், பெண்கள் 43 சதவீதம். உண்மையில் 25 சதவீதம் பேர்தான் முதலாவதாக வர முடியும். ஆக, பெண்களும் தங்களைக் கூடுதலாகத்தான் எடை போட்டார்கள். ஆண்கள் அதைத் தாண்டி எங்கோ போய்விட்டார்கள். தன்மதிப்பீட்டையும், பணத்தைப் பணயம் வைக்கும் தயக்கத்தையும் கழித்த பிறகும் ஓர் இடைவெளி மிஞ்சியது. போட்டி என்ற சூழலையே பெண்கள் விரும்பாததுதான் அது என்றார்கள் நீடர்லேயும் வெஸ்டர்லண்டும். இங்கே சர்ச்சை இருக்கிறது. கால்டெக் மாணவர்களின் தரவுகளை வைத்து 2019-இல் வெளியான ஓர் ஆய்வு, தன்மதிப்பீட்டையும் பணயத் தயக்கத்தையும் இன்னும் நுணுக்கமாக அளந்தால் அந்த மிச்சமே இருக்காது என்று காட்டியது. இது வெறும் நிபுணர் சண்டை இல்லை. குறை தன்மதிப்பீட்டில் என்றால், ஒருவர் எந்த இடத்தில் நிற்கிறார் என்பதை வெளிப்படையாகச் சொல்வதே பெரிய உதவி. போட்டியே பிடிக்கவில்லை என்றால் அந்த மருந்து வேலை செய்யாது.

பிறவிக் குணமாக இருக்குமோ என்ற சந்தேகத்துக்கு விடை தேடி யூரி நீஸி, கென்னத் லெனர்ட், ஜான் லிஸ்ட் மூவரும் இரண்டு சமூகங்களிடம் போனார்கள். ஒன்று, தான்சானியாவின் மாசாய். ஆணாதிக்கம் இறுகிய சமூகம். மற்றொன்று நம் நாட்டு மேகாலயாவின் காசி; தாய்வழிச் சமூகம், குடும்பச் சொத்து இளைய மகளுக்குப் போகும். எழுத்தும் கணக்கும் வேண்டாத ஒரு வேலையாகப் பார்த்துக் கொடுத்தார்கள்: மூன்று மீட்டர் தள்ளி ஒரு வாளி, கையில் டென்னிஸ் பந்து, பத்து முறை வீசலாம். வாளியில் விழுந்த ஒவ்வொரு பந்துக்கும் இவ்வளவு என்று வாங்கிக்கொள்ளலாம். அல்லது முகம் தெரியாத ஒருவரோடு மோதி, அவரை முந்தினால் மூன்று மடங்கு வாங்கலாம். மாசாய்களில் ஆண்கள் 50 சதவீதமும் பெண்கள் 26 சதவீதமும் மோதத் துணிந்தார்கள். காசிகளில் பெண்கள் 54, ஆண்கள் 39. எண்கள் தலைகீழாகின.

இரண்டு சமூகங்களுக்கும் இடையே சொத்துரிமை தவிர இன்னும் எத்தனையோ வேறுபாடுகள் உண்டு. ஆகவே தாய்வழி முறை ஒன்றே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. பிறகு நீஸியும் லிஸ்டும் உள்ளிட்ட ஒரு குழு காசிக் குழந்தைகளையும், தந்தைவழிச் சமூகமான கார்பியின் குழந்தைகளையும் வைத்து இதே கேள்வியை ஆராய்ந்தது. காசிகளிடம் எந்த வயதிலும் ஆண்-பெண் வித்தியாசம் தென்படவில்லை. கார்பிகளிடம் பருவமெய்தும் வயதையொட்டித்தான் பெண்பிள்ளைகள் பின்வாங்கத் தொடங்கினார்கள். எனக்கு இந்த முழு ஆராய்ச்சி வரலாற்றிலும் மனத்தை மிகவும் வருத்திய செய்தி இதுதான். அதுவரை தயங்காத ஒரு சிறுமி, 'இனி அடக்கமாக இரு' என்று வீடு சொல்லத் தொடங்கும் வயதில்தான் தயங்கத் தொடங்குகிறாள்.

ஆய்வகத்துக்கு வெளியே இதற்கு என்ன அர்த்தம்? நெதர்லாந்தில் பதினைந்து வயதையொட்டி மாணவர்கள் பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கணக்கில் பெண்கள் சளைத்தவர்கள் இல்லை. இருந்தும் கணக்கு மிகுந்த, மதிப்புக் கூடிய பிரிவுக்குப் பையன்களே அதிகம் போகிறார்கள். அந்த இடைவெளியில் ஏறத்தாழ 20 சதவீதத்தைப் போட்டி மனப்பான்மை விளக்குகிறது என்று 2014-இல் நீடர்லேயும் வேறு இரு ஆய்வாளர்களும் கண்டார்கள்.

பெண்களை மாற்ற வேண்டும் என்பதே பலர் சொல்லும் தீர்வு. விதியை மாற்றிப் பார்த்தவர்களும் உண்டு. இருவர் ஜெயிக்கக்கூடிய ஒரு போட்டியில், அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும் என்று வைத்தபோது, அதுவரை ஒதுங்கி நின்ற திறமைசாலிப் பெண்கள் வந்து சேர்ந்தார்கள். தரம் விழும் என்று எதிர்பார்த்த அளவுக்கு விழவில்லை. இட ஒதுக்கீட்டை எதிர்ப்பவர்கள் நிதானமாகப் படிக்க வேண்டிய முடிவு இது.

இதைவிட எளிய மாற்றம் 2021-இல் வெளியான ஓர் ஆய்வில் இருக்கிறது. வழக்கமாகப் போட்டியில் சேர நாமே பெயர் கொடுக்க வேண்டும். அதைத் திருப்பி, எல்லோரும் போட்டியில் இருக்கிறீர்கள், வேண்டாதவர் விலகிக்கொள்ளலாம் என்று வைத்தார்கள். ஆண்-பெண் இடைவெளி மறைந்துபோனது. வேலையின் தரமும் குறையவில்லை. பதவி உயர்வுக்கு விண்ணப்பித்தால்தான் பெயரையே பார்ப்போம் என்றிருக்கும் அலுவலகங்கள், தகுதி வந்த எல்லோரையும் பட்டியலில் சேர்த்துவிட்டு, விருப்பமில்லாதவர் எழுதிக் கொடுத்தால் பெயரை நீக்கலாம். இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம், ஒரு சுற்றறிக்கை போதும்.