செம்மணி வெளியால் மீண்டும் சைக்கிளில்

சைக்கிள் என்றதும் உங்களுக்கு எந்த நினைவு வருகிறது, சகோதரிகளே? கரியரில் இருந்து அப்பாவின் இடுப்பைப் பிடித்தபடி பாடசாலைக்குப் போனதா? அண்ணாவின் பெரிய சைக்கிளில் பாருக்குக் கீழால் காலை விட்டு ஓடப் பழகி, விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டதா? அல்லது அரிசிப் பையையும் அடுப்புச் சட்டியையும் கட்டிக்கொண்டு வீட்டைப் பூட்டி வெளியேறியதா?

எனக்கு மூன்று நினைவுகளும் உண்டு. நான்காவதாக ஒன்றும் உண்டு. அது சங்கிலி போட்டுப் பூட்டி, குசினிச் சுவரோடு சாத்தி வைக்கப்பட்ட ஒரு சைக்கிள். அந்தப் பூட்டைப் பற்றித்தான் இன்று எழுத நினைக்கிறேன்.

கடந்த மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. விடிவதற்கு முன் நல்லூரில் பதினான்கு பெண்கள் சைக்கிள்களோடு கூடினோம். ஞாயிறு தோறும் இப்படிச் சேர்ந்து ஓடுபவர்கள் இவர்கள். இதற்குச் சங்கமும் இல்லை, தலைவியும் இல்லை. ஒருவரை ஒருவர் கேட்டுச் சேர்ந்தவர்கள். தாதி ஒருவர், வங்கியில் வேலை செய்பவர், பல்கலைக்கழக மாணவிகள் இருவர், திருநெல்வேலிச் சந்தையில் மரக்கறி விற்கும் அக்கா, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் என்று பலதரப்பட்டவர்கள். வயதில் குறைந்தவருக்குப் பத்தொன்பது. மூத்தவருக்கு அறுபத்து மூன்று. எனக்கு நாற்பத்தெட்டு.

அன்றைய பயணம் செம்மணி வீதியால் ஏ9 வீதிக்கு ஏறி, நாவற்குழிப் பாலத்தைக் கடந்து, கைதடியால் சாவகச்சேரி வரை. ஏறக்குறைய 16 கிலோமீற்றர். யாருக்கும் பரிசில்லை. முந்திப் போகிறவர் பிந்தி வருகிறவருக்காக நிற்க வேண்டும் என்பது மட்டுமே விதி.

அதற்கு முன் நான்கு ஞாயிறுகள் அவர்களோடு போயிருந்தேன். கோப்பாய், உரும்பிராய், மானிப்பாய்ப் பக்கம் எல்லாம் சந்தோஷமாக ஓடினேன். இந்தப் பாதை என்றதும் முதல்நாள் இரவு நித்திரை வரவில்லை.

ஊரே சைக்கிளில் ஓடிய காலம்

1990ஆம் ஆண்டு யூன் மாதத்தில் யுத்தம் மீண்டும் தொடங்கியபின், பொருளாதாரத் தடையால் பெற்றோல் யாழ்ப்பாணத்திற்கு வராமற் போனது. மோட்டார் சைக்கிள்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். ஏனைய எல்லோருக்கும் சைக்கிள்தான். கல்யாணப் பெண்ணும் சைக்கிளில் போனாள். காய்ச்சற்காரரும் சைக்கிளில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். விறகு, வாழைக்குலை, நெல் மூட்டை, சவப்பெட்டி எல்லாவற்றையும் அது சுமந்தது. மின்சாரமும் பற்றரியும் இல்லாத அந்த நாட்களில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்டதை உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள்.

அந்தக் காலத்தில் பெண்பிள்ளை சைக்கிள் ஓடுவது யாழ்ப்பாணத்தில் அதிசயமாக இருக்கவில்லை. தமிழ்நாட்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்த்து, ஏழைக் கிராமப் பெண்களுக்குச் சைக்கிள் பழக்கினார்கள். 1992ஆம் ஆண்டு சர்வதேச மகளிர் தினத்தன்று 1500க்கும் மேற்பட்ட பெண்கள் அங்கே சைக்கிள் ஊர்வலம் போனார்கள். தண்ணீர் எடுக்கவும், விளைபொருளை விற்கவும், பிள்ளையைப் பாடசாலையில் விடவும் இன்னொருவரின் கையை எதிர்பார்க்கத் தேவையில்லை என்பதுதான் அவர்கள் கண்ட விடுதலை. எங்களுக்கு அந்த விடுதலையை ஒரு தடைதான் தந்தது. ஆனாலும் அது விடுதலைதான். பதினேழு வயதில் என் லுமாலாவில் ஏறினால் குடாநாட்டில் நான் போகாத வீதி இல்லை.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி அது எல்லாம் மாறியது. இராணுவம் நெருங்கிவிட்டது, உடனே வெளியேறுங்கள் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஒரே இரவில் பல இலட்சம் மக்கள் தென்மராட்சியை நோக்கி நடந்தோம். அப்பாவின் றலி சைக்கிள் கரியரில் அப்பம்மா. என் சைக்கிளில் உடுப்பும் புத்தகமும் அரிசியும். ஓடுவதற்கு இடமில்லை. உருட்டத்தான் முடிந்தது. மழையும் பெய்தது. நாவற்குழிப் பாலத்தை அடைவதற்குள் விடிந்துவிட்டது. அப்பம்மா தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தார். குடையைத் தலைகீழாகப் பிடித்து மழைத் தண்ணீரை ஏந்திக் கொடுத்தேன். அதுதான் நான் அவருக்குக் கொடுத்த கடைசித் தண்ணீர். கைதடியைத் தாண்டும்போது அவர் கரியரிலேயே தலை சாய்ந்துவிட்டார். எங்கள் சைக்கிள் அன்று அந்தச் சுமையையும் சுமந்தது.

செம்மணி வெளி

1996 சித்திரை, வைகாசி மாதங்களில் மக்கள் யாழ்ப்பாணத்திற்குத் திரும்பினார்கள். நாங்களும் வந்தோம். அந்த ஆண்டு நான் உயர்தரப் பரீட்சை எழுதினேன். அதே பரீட்சையைச் சுண்டிக்குளி மகளிர் கல்லூரி மாணவி கிருஷாந்தி குமாரசுவாமியும் எழுதினார். 1996 செப்ரெம்பர் 7ஆம் திகதி, பரீட்சை எழுதிவிட்டுக் கைதடியில் உள்ள வீட்டுக்குச் சைக்கிளில் திரும்பிய அவரைச் செம்மணிச் சோதனைச் சாவடியில் மறித்தார்கள். அவர் திரும்பவில்லை. தேடிப்போன தாயும் தம்பியும் அயலவர் ஒருவரும் திரும்பவில்லை. நால்வரும் கொலை செய்யப்பட்டிருந்தார்கள். கிருஷாந்தி பாலியல் வல்லுறவுக்கும் உள்ளாக்கப்பட்டிருந்தார். 1998 யூலையில் கொழும்பு மேல் நீதிமன்றம் இராணுவத்தினரைக் குற்றவாளிகளாகக் கண்டு தீர்ப்பளித்தது. அந்த வழக்கில்தான் செம்மணியில் நூற்றுக்கணக்கானோர் புதைக்கப்பட்டிருப்பதாகக் குற்றவாளிகளில் ஒருவர் சொன்னார். 1999இல் தோண்டியபோது 15 சடலங்கள் எடுக்கப்பட்டன. 2025இல் அதே பகுதியில் உள்ள சித்துப்பாத்தி மயானத்தில் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் அடையாளம் காணப்பட்டன. அவற்றோடு ஒரு பிள்ளையின் புத்தகப் பையும் இருந்தது.

கிருஷாந்தியின் செய்தி தெரிய வந்த நாளில்தான் என் அம்மா சைக்கிளுக்குச் சங்கிலி போட்டார். "படிச்சது காணும். இனி வெளிக்கிட வேண்டாம்" என்றார். நான் எதிர்த்துக் கதைக்கவில்லை. எனக்கும் பயம்தான். எத்தனை வீடுகளில் அன்று இப்படிச் சைக்கிள்கள் பூட்டப்பட்டன என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. எத்தனை பிள்ளைகளின் படிப்பும் வேலையும் அந்தப் பூட்டோடு நின்றன என்பதும் யாருக்கும் தெரியாது.

பிறகு கல்யாணம், பிள்ளை, மீண்டும் இழப்பு. 2009க்குப் பின் ஒரு முன்பள்ளியில் வேலை கிடைத்தது. பஸ்ஸில்தான் போய்வந்தேன். 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்து, பஸ்ஸும் ஓட்டோவும் நின்றபோதுதான் மகளின் சைக்கிளைத் துடைத்து எடுத்தேன். இருபத்தாறு வருடங்களுக்குப் பிறகும் கால் மறக்கவில்லை. ஆனால் செம்மணிப் பக்கம் மட்டும் போனதில்லை. பஸ்ஸில் அந்த இடத்தைக் கடக்கும்போதும் கண்ணை மூடிக்கொள்வேன்.

அன்று ஞாயிறு காலை செம்மணி வெளி தெரியத் தொடங்கியதும் என் கை நடுங்கியது. பிரேக்கைப் பிடித்து இறங்கிவிட்டேன். மூச்சு வாங்கியது. "நீங்கள் போங்கோ, நான் திரும்பிப் போறன்" என்றேன்.

வன்னியில் இருந்து வந்து இங்கு குடியிருக்கும் தங்கை ஒருத்தி எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தாள். 2009இல் ஷெல் பட்டு முழங்காலுக்குக் கீழே இடதுகாலை இழந்தவள். யாழ்ப்பாணம் ஜெய்ப்பூர் நிலையத்தில் செய்த செயற்கைக் காலோடு ஓடுகிறாள். அந்தப் பாதம் பெடலில் இருந்து வழுக்காமல் இருக்கப் பழைய ரியூப்பில் ஒரு வளையம் வெட்டிப் போட்டிருக்கிறாள். இழுத்தால் உடனே கழரும். உந்துவது எல்லாம் வலதுகால்தான். அவளும் இறங்கினாள்.

"ஓட ஏலாட்டி உருட்டிக்கொண்டு வாங்கோ அக்கா. நானும் உருட்டுறன். ஆனா திரும்ப வேண்டாம். இண்டைக்குத் திரும்பினா இனி வரமாட்டியள்."

இருவரும் உருட்டிக்கொண்டு நடந்தோம். முன்னால் போனவர்களும் நின்றார்கள். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. ஆசிரியை மட்டும், "இந்த இடத்திலை நாங்கள் எல்லாரும் ஒருக்கா இறங்கித்தான் போறனாங்கள் பிள்ளை" என்றார். பதினான்கு பெண்களும் பேசாமல் சிறிது தூரம் சைக்கிளை உருட்டினோம். வெளியில் தேங்கியிருந்த தண்ணீரில் கொக்குகள் நின்றன. பிறகு யாரோ ஒருவர் மணியை அடித்தார். எல்லோரும் ஏறினோம். நானும் ஏறினேன்.

நாவற்குழிப் பாலம்

ஏ9 வீதியில் ஏறியதும் எதிர்க்காற்று. காற்று இருந்தால் ஒருவர் பின்னால் ஒருவராக ஓட வேண்டும் என்று மாணவிகள் சொல்லித் தந்தார்கள். முன்னால் போகிறவர் காற்றை வாங்கிக்கொள்வார். பின்னால் வருகிறவருக்குப் பாரம் குறையும். சிறிது நேரத்திற்கு ஒருமுறை முன்னால் போகிறவர் மாறுவார். இதைவிட நல்ல வாழ்க்கைப் பாடம் வேறு என்ன வேண்டும்?

பாலத்தை அடைவதற்குச் சற்று முன் வங்கித் தங்கையின் பின் ரயர் காற்றுப் போனது. ஞாயிறு காலையில் கடை எங்கே திறந்திருக்கும் என்று நாங்கள் பார்த்துக்கொண்டிருக்க, சந்தை அக்கா பையில் இருந்து சாமான்களை எடுத்துப் பரப்பினார். ரியூப்பைக் கழற்றி, தேங்கி நின்ற தண்ணீரில் அமிழ்த்தி, குமிழ் வந்த இடத்தைத் துடைத்து உரஞ்சி, சொலூசன் பூசி, அது சற்றுக் காய்ந்ததும் ஒட்டு வைத்து அழுத்தினார். கால் மணித்தியாலம்கூட ஆகவில்லை. "ஒட்டுப் போட ஆளைத் தேடினா அண்டைக்கு யாவாரம் போச்சு. அதுதான் நானே பழகினன்" என்றார். கணவரைக் காணாமற்போகக் கொடுத்து, மூன்று பிள்ளைகளை அந்தச் சைக்கிளில் கட்டிய மரக்கறிக் கூடைகளால் வளர்த்தவர் அவர்.

நாவற்குழிப் பாலத்தை நான் ஒரு நிமிடத்தில் கடந்தேன். 1995இல் ஓர் இரவு முழுக்க நடந்து வந்த தூரம், அன்று காலை எங்களுக்கு ஒரு மணித்தியாலப் பயணம். கைதடியைத் தாண்டும்போது அப்பம்மாவை நினைத்து அழுதேன். அழுதுகொண்டே ஓடலாம் என்பதையும் அன்றுதான் அறிந்தேன்.

2000ஆம் ஆண்டுச் சண்டையில் தரைமட்டமான சாவகச்சேரி நகரில், இப்போது கடைகளும் சந்தையும் நெரிசலாக இருக்கின்றன. ஒரு சிறிய கடையில் இடியப்பமும் சம்பலும் சாப்பிட்டு, பிளேன்ரீ குடித்து, வெயில் ஏறுவதற்கு முன் திரும்பினோம். வரும்போது நான் செம்மணியில் கண்ணை மூடவில்லை. எல்லோரோடும் சேர்ந்து இறங்கி, அந்த வெளியைப் பார்த்தபடி உருட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, "எந்தப் பக்கத்தாலை போனனீ?" என்று கேட்டார். சொன்னேன். அவருக்கு இப்போது எழுபத்தாறு வயது. நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப எனக்கு வேற வழி தெரியேல்லைப் பிள்ளை. உன்னையாவது வைச்சிருக்க வேணும் எண்டுதான் பூட்டினனான்" என்றார். அம்மாவில் எனக்கு ஒருநாளும் கோபம் இருந்ததில்லை. பூட்ட வைத்தவர்கள் வேறு.

தொடங்க விரும்பும் சகோதரிகளுக்கு

புதுச் சைக்கிள் தேவையில்லை. வீட்டில் கிடக்கும் பழையதே போதும். முதலில் பிரேக், செயின், ரயர் மூன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். பெருவிரலால் அழுத்தினால் ரயர் இலகுவில் அமிழக் கூடாது. பழகும்போது இரு காலும் நிலத்தில் படும்படி சீற்றைப் பதித்து வையுங்கள். பழகியபின் உயர்த்துங்கள். குதிக்காலைப் பெடலில் வைத்து அது கீழே போகும்போது கால் ஏறக்குறைய நிமிர வேண்டும். பலருக்கு முழங்கால் நோவதற்குக் காரணம், சீற் அளவுக்கு மீறிப் பதிந்திருப்பதுதான்.

சேலைத் தலைப்பையும் சோலையும் இறுக்கிச் செருகுங்கள். சில்லில் சுற்றினால் ஆபத்து. இடது பக்கமாக ஓடுங்கள். இருட்டில் போவதானால் முன்னும் பின்னும் விளக்கு வேண்டும். உடம்பில் ஷெல் துண்டு உள்ளவர்கள், இருதய நோய், மூட்டு நோய் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். முதல் வாரம் இரண்டு கிலோமீற்றர் போதும். முடிந்தால் ஒட்டுப் போடவும் பழகிக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, தனியே போகப் பயமாக இருந்தால் அயலில் இன்னொரு சகோதரியைக் கேளுங்கள். இருவர் சேர்ந்தால் நான்கு பேர் வருவார்கள். ஓட முடியாத இடம் எல்லோருடைய பாதையிலும் உண்டு. அங்கே இறங்கி உருட்டுவதில் வெட்கமில்லை. கூட உருட்ட ஒருவர் இருந்தால் அந்த இடமும் கடந்துபோகும்.

எங்கள் வீட்டுச் சங்கிலி இப்போதும் இருக்கிறது. சந்தையில் சைக்கிளை விட்டுவிட்டுச் சாமான் வாங்கப் போகும்போது, களவு போகாமல் பூட்டுவதற்கு வைத்திருக்கிறேன். திறப்பு என்னிடம் இருக்கிறது.